வரையத் தெரியாதவர்களுக்காக

கலை மனசை எப்படித் தேற்றுகிறது என்று பேச வந்திருக்கிறேன். வண்ணம், தாள், ஒட்டுவேலை எல்லாம் இதில் உண்டு. ஆனால் கிடைத்த நேரத்தைக் களிமண்ணுக்கே கொடுக்கப்போகிறேன். என் வேலையில் நான் அதிகம் நம்புவது அதைத்தான்.

அதற்கு முன்னால் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஏட்ரியன் ஹில், ஆங்கில ஓவியர். 1938-இல் காசநோய்க்காக இங்கிலாந்தில் ஒரு சானடோரியத்தில் இருந்தபோது, படுத்தபடியே கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். மனம் தேறியது. பிறகு மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். 'கலைச் சிகிச்சை' என்ற பெயர் 1942-இல் அவர் வைத்தது.

சரி, மண்ணுக்கு வருவோம். முதியோர் இல்லம் ஒன்றில் ஓர் அம்மா. கணவர் போனபிறகு யாரோடும் பேச்சில்லை. தூரிகையை நீட்டினால், "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று கையை மடக்கிக்கொள்வார். ஒருநாள் பிசைந்த மண்ணை ஓர் உருண்டை முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் தொட்டு வழித்தார். காலமெல்லாம் மாவு பிசைந்த கைக்கு யார் சொல்லித்தர வேண்டும்? கொஞ்ச நேரத்தில் ஓர் அடுப்பு எழுந்தது. மூன்று குமிழ், பக்கத்தில் கொடியடுப்பு. "இதுலதான் அவருக்கு வெந்நீர் வைப்பேன்" என்றார். அப்புறம் அழுதார், பேசினார். அடுத்த வாரம் அவரே கேட்டார்: "மண்ணு கொண்டாந்தியாம்மா?"

பிள்ளைகள் வைத்திருப்பவர்களே, ஒரு வேண்டுகோள். குழந்தை மண்ணில் செய்துகாட்டுவதைப் பார்த்து "இது நாயா, பூனையா?" என்று கேட்காதீர்கள். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று நசுக்கினால் நசுக்கட்டும். கோபம் இறங்க அதுவும் ஒரு வழி. மண் மறுபடியும் உருண்டையாகிவிடும்.

வராது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2016-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் கலைவேலை செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறைந்தது. பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்காத நிலை என்றால் மண்ணோடு நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் கிடையாது.

நேரமாகிவிட்டது. வருகிற விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார் வாங்கும்போது, அங்கேயே இரண்டு கைப்பிடி மண் கூடுதலாகக் கேட்டு வாங்கி வருவீர்கள் என்று நம்புகிறேன்.