கடைவாய்ப் பல்லும் மரத்துப்போகும் ஊசியும்



நடவு நேரத்திலும் கணவன் மனைவியாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வளர்த்தாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

17 முதல் 25 வயதுக்குள் கடைசிக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. ஞானப்பல் என்பார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் வருகிற வயதும் அதுதான். தாடையில் இடம் போதாவிட்டால் பல் சாய்ந்து ஈறுக்குள் மாட்டிக்கொள்ளும். இடுக்கில் சோறு தங்கிச் சீழ் பிடிக்கும். "கிராம்பு வச்சா போயிடும்", "புகையிலையை அடக்கிக்கிட்டா சரியாயிடும்" என்று நாள் கடத்துகிறோம். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சு அடைக்கும், உயிருக்கே ஆபத்து.

பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்பது வெறும் பேச்சு. வலிக்குமே என்ற பயத்துக்குத்தான் மரத்துப்போகும் ஊசி இருக்கிறது. 1943-ல் சுவீடன் நாட்டில் லிக்னோகெயின் என்ற மருந்தை உண்டாக்கினார்கள். 1957-ல் அங்கேயே புப்பிவாகெயின் வந்தது. முதல் ஊசியில் உதடு 3 முதல் 5 மணி நேரம் மரத்திருக்கும். இரண்டாவது மெதுவாகப் பிடித்தாலும் 5 முதல் 9 மணி நேரம், சிலருக்கு 12 மணி நேரம்கூட நிற்கும். பல்லை எடுத்த முதல் நாள்தான் வலி அதிகம். அந்த நேரத்தை இது தாங்கிக்கொள்ளும். எந்த ஊசி என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

ஊசிக்கு முன்பே டாக்டரிடம் எல்லாம் சொல்லுங்கள்: கர்ப்பமா, நாள் தள்ளியிருக்கிறதா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று. வெட்கம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் தேவை. "வலியே இல்லையே" என்று சுடச்சுடக் காபி குடித்தால் வாய் வெந்துபோகும். சாப்பிட்டால் உதட்டையே கடித்துக்கொள்வீர்கள், தெரியாது. மரப்பு விடும்வரை மெல்ல வேண்டாம். ஆறிய கஞ்சி போதும். ராத்திரி மரப்பு விட்டதும் வலி ஒரேயடியாக வரும். ஆகவே டாக்டர் கொடுத்த மாத்திரையை, மரப்பு விடுவதற்கு முன்பே, அவர் சொன்ன நேரத்தில் போடுங்கள். கடையில் நீங்களாக வாங்காதீர்கள். அன்று கொப்பளிக்க வேண்டாம். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். பீடி, வெற்றிலை பாக்கு, புகையிலை கூடவே கூடாது.

ரத்தம் நிற்காவிட்டால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், மூன்றாம் நாள் வலி கூடினால், மறுநாளும் மரப்பு விடாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மனைவிக்குப் பல் எடுத்தால் கணவன் அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளையைத் தூக்கட்டும். கணவனுக்கு எடுத்தால் மாத்திரை நேரத்தை மனைவி நினைவுபடுத்தட்டும். ஒருவர் வலியை மற்றவர் அறிந்து நடப்பதும் குடும்ப நலம்தானே!