படிகளும் பதிவேடும்



நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கணிப்பொறியின் உள்ளமைப்பு ஒன்றைப் பற்றிப் பேச விழைகின்றோம். கணிப்பொறியில் பில் போடவும் கணக்கு எழுதவும் நம் பிள்ளைகள் கற்றுவிட்டனர், அது நன்று. ஆயின் அப்பொறி எவ்வாறு இயங்குகின்றது என அறிவது வேறு யாருக்கோ உரிய கல்வி என்று எண்ணி நாம் ஒதுங்குதல் தகாது. பிறர் ஒதுக்கியதால் நாம் இழந்த கல்வி போதும். நாமே ஒதுங்கி இழப்பது வேண்டாம்.

நம் திருப்பூர்த் தொழிலிலிருந்தே தொடங்குவோம். பனியன் ஆர்டர் ஒன்றின் அளவுத்தாள் அலுவலகத்தில் இருக்கின்றது. ஒவ்வோர் அளவையும் பார்க்கக் கட்டிங் மாஸ்டர் அலுவலகத்திற்கு நடந்துகொண்டிருந்தால் வேலை ஓடாது. ஆகவே யூனிட்டுக்கு ஒரு படி எடுத்துக் கொடுக்கின்றார்கள். பையர் மார்பளவில் அரை அங்குலம் கூட்டிவிட்டார் எனக் கொள்வோம். மூலத்தாள் திருத்தப்பட்டது; ஒரு யூனிட்டில் மட்டும் பழைய படியே மேசைமேல் கிடந்தது. அங்கே வெட்டிய துணி வெட்டியதுதான். அதனை மீண்டும் ஒட்ட இயலாது.

இதே இடர்ப்பாடு கணிப்பொறிக்கும் உண்டு. வங்கிக் கணக்குகளையும் தேர்வு மதிப்பெண்களையும் காக்கும் பெரிய சர்வர்களில் இரண்டு, நான்கு, எட்டு எனச் செயலிகள் தனித்தனிச் சாக்கெட்டுகளில் பொருத்தப்பட்டிருக்கும். முதன்மை நினைவகம் செயலியை நோக்க மிக மெதுவானது. ஆகவே ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டிய தகவலைச் சிறு துண்டுகளாகப் படியெடுத்துத் தன்னருகே வைத்துக்கொள்கின்றது. அவ்விடத்திற்குக் கேஷ் என்று பெயர். இது ரொக்கப் பணம் அன்று, கைக்கெட்டும் சேமிப்பிடம். ஒரு துண்டு பெரும்பாலும் 64 பைட் அளவினது. ஒரு செயலி தன் படியைத் திருத்தியபின் மற்றொன்று பழைய படியையே படித்தால் கணக்கு பிழைபடும். அவ்வாறு நேராது எல்லாப் படிகளையும் இசைவாக வைத்தலே கேஷ் இசைவு எனப்படுவது.

இதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, திருத்துமுன் அனைவரையும் கூவிக் கேட்பது: “இத்துண்டின் படி உம்மிடம் உண்டா? இருந்தால் அதனைச் செல்லாததாக்குக!” இரண்டு செயலிகளுக்கு இது போதும். எட்டுச் செயலிகள் ஆளுக்கொரு முறை கேட்டால், ஒவ்வொன்றும் ஏழு பேரைக் கேட்க, 56 கேள்விகள் எழுகின்றன. கேள்விகளாலேயே வழி அடைபடுகின்றது.

இரண்டாவது வழி பதிவேடு. ஒவ்வொரு துண்டுக்கும் அதனைக் காக்கும் நினைவகம் ஒன்று உண்டு. எந்தச் செயலியிடம் அதன் படி உள்ளது என்று அங்கே குறித்து வைத்தால், உரியவர்க்கு மட்டும் ஆள் அனுப்பலாம். அவர்கள் பழைய படியைச் செல்லாததாக்கி மறுமொழி தந்தபின்னரே திருத்தம் நடைபெறும். பிரான்சின் சென்சியே, ஃபோத்ரியே ஆகிய இருவர் 1978-இல் இத்தகைய முறையை வெளியிட்டனர்.

பதிவேட்டுக்கும் விலை உண்டு. ஒரு துண்டு 512 பிட். செயலிக்கு ஒரு பிட் வீதம் ஒதுக்கினால், 64 செயலிகளுக்குத் துண்டின் எட்டில் ஒரு பங்கு இடம் வேண்டும். 512 செயலிகளானால் பதிவேடு துண்டளவே ஆகிவிடும்! இச்சிக்கலை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் 1982-இல் பட்டம் பெற்ற அனந்த் அகர்வால். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அவர் குழுவினர் 1991-இல் ஒரு வழி கூறினர். பெரும்பாலான துண்டுகளின் படிகள் சிலரிடமே இருக்கும். ஆகவே பொறியின் பதிவேட்டில் சில பெயர்களுக்கு மட்டும் இடம் போதும். பெயர்கள் மிகுந்தால் மென்பொருள் முன்வந்து, எஞ்சியவற்றைப் பொது நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். இடமில்லை என்று எப்பெயரும் விடப்படுவதில்லை.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட கருத்தன்று. 2009-இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஆறு கோர் ஆப்டெரான் செயலியில், 6 மெகாபைட் கேஷில் 1 மெகாபைட்டை இத்தகைய பதிவேட்டிற்கென ஒதுக்க வழி செய்தனர். சேமிப்பிடத்தில் ஆறில் ஒரு பங்கை இழந்தேனும் பதிவேடு வைப்பது ஆதாயம் என அவர்கள் கணித்தனர்.

இளைஞர்களே! இக்கருத்தில் நம் அறிவுக்கு எட்டாதது எதுவும் உண்டா? ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் கணிப்பொறி அமைப்பு இலவசமாகவே கற்பிக்கப்படுகின்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்னும் செயலிகளே வடிவமைக்கப்பட்டுள்ளன. டிப்ளமோவும் பொறியியலும் பயில்வோர் அவ்வழியில் முன்செல்லுதல் வேண்டும்.

சங்க உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் மாறுமாயின், பழைய அறிவிப்பை வைத்திருக்கும் ஒரு மாணவி அத்தொகையை இழக்கக்கூடும்; அதனால் படிப்பை நிறுத்திப் பனியன் கம்பெனிக்குச் செல்லவும் கூடும். தெருவில் அறிவித்துவிட்டோம் என்று அமைதல் போதாது. யார் யாருக்கு அறிவிப்புத் தந்தோம் என்னும் பதிவேடு சங்கத்தில் இருத்தல் வேண்டும். மாற்றம் வந்தால் அவ்வீடுகளுக்குச் சென்று, தெரிந்துகொண்டோம் என்ற மறுமொழியைப் பெற்று வருதல் வேண்டும். ஏட்டில் இடம் போதாவிட்டால் மற்றொரு தாளைச் சேர்த்துத் தைப்போம். ஒரு பெயரையும் விடோம்.