கலங்கிய நீர்



மட்டக்களப்பு வாவியின் நடுவே, பாலங்களால் கரையோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கும் புளியந்தீவு மிகச் சிறிய நிலப்பரப்பு. ஆயினும் ஞாயிறு காலையில் அங்கு நடந்து செல்வோர், ஓர் ஆலயத்தின் மணியோசை அடங்குமுன் மற்றோர் ஆலயத்தின் மணியைக் கேட்பர். கத்தோலிக்கரின் புனித மரியாள் பேராலயமும், மெதடிஸ்த ஆலயமும், அங்கிலிக்கரின் புனித அந்திரேயா ஆலயமும் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்திலேயே உள்ளன. இவற்றின் கட்டிடச் சிறப்பைப் பற்றியோ, பூசை ஆராதனைகளைப் பற்றியோ நான் இன்று பேச வரவில்லை. மணியோசை கேட்டும் வர முடியாமற்போன ஒருவரைப் பற்றிச் சபைக்கு என்ன அக்கறை என்பதே என் பேச்சின் பொருள்.

தேற்றுதல் என்று தமிழில் ஓர் அருமையான சொல் உண்டு. துயருற்றவரை ஆற்றுவது என்பது அதன் ஒரு பொருள். தெளியச் செய்வது என்பது மற்றொரு பொருள். கலங்கிய நீரைக் குடத்தில் மொண்டு வைத்து, அக்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து விடுவார்கள். சிறிது நேரத்தில் சேறு அடியில் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். கலித்தொகைப் புலவரும் இதனை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தூர நின்றால் நீர் தெளிவதில்லை. அது குடத்துக்குள் போய், தானும் சிறிது தேய வேண்டும்.

புளியந்தீவின் மெதடிஸ்தத் திருச்சபை வரலாறே தேற்றுவாரற்ற ஒருவரிலிருந்துதான் தொடங்குகிறது. தோமஸ் கோக் என்னும் முதிய போதகரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய குழுவில் வில்லியம் ஓல்ட் என்பவரும் அவர் மனைவியும் இருந்தனர். மனைவி நடுக்கடலிலே இறந்தார். 1814 மே மாதத்தில் கோக் அவர்களும் கப்பலிலேயே காலமானார். மனைவியையும் தலைவரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அவ்வாண்டு ஜூன் 29ஆம் திகதி காலியில் கரையிறங்கிய ஓல்ட், மட்டக்களப்புக்குத் தனியே வந்து சேர்ந்தார். தமிழ் கற்றார், பாடசாலைகளைத் தொடங்கினார். 1815 ஏப்ரல் முதலாந் திகதி நோயினால் மறைந்தார். அவர் இங்கு வாழ்ந்தது ஓராண்டு கூட இல்லை. இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை அந்த 1814இலிருந்தே எண்ணுகிறது. அவருடைய சாதனைகளை விழா மேடைகளில் அடுக்கிக் கூறுகிறோம். அந்த மாதங்களில் மாலை நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர் யார் என்று நாம் வினவுவதில்லை. எனக்கோ அந்தக் கேள்விதான் பெரிதாகத் தோன்றுகிறது.

கதவைத் தட்டும் வழக்கத்துக்கு மெதடிஸ்தரிடையே ஒரு சுவையான வரலாறு உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில், கூட்ட மண்டபத்தின் கடனைத் தீர்ப்பதற்கு வழி தேடினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்று ஒருவர் யோசனை கூறினார். அதுவும் இல்லாத ஏழைகள் இருக்கிறார்களே என்று தடை எழுந்தது. அப்படியானால் மிக ஏழைகளான பதினொருவரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்கள் கொடுக்க இயலாததை நானே இட்டு நிரப்புகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அவ்வாறே ஆளுக்குப் பதினொருவரை ஏற்றுக்கொண்டு வாரந்தோறும் வீடு வீடாகச் சென்றனர். பென்னி தேடிப் போனவர்கள் கண்டது வேறு. ஒரு வீட்டில் நோய், ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் குடி. காசுக்காகப் பிறந்த ஏற்பாடு மேய்ப்புப் பணியாகிவிட்டது. ஜோன் வெஸ்லி அதனையே தம் சபைகளின் ஒழுங்காக்கினார். கடனும் சில வேளைகளில் நன்மை செய்யும் போலும்!

நம் நாட்டுக்கு இது புதிதன்று. துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கத்தை நாம் அறிவோம். அயலார் சமைத்துக் கொண்டுவருவார்கள்; அங்கே சைவர் என்றும் கிறிஸ்தவர் என்றும் யாரும் பார்ப்பதில்லை. சபை இதற்கு மேல் செய்யக்கூடியது, எட்டாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் பின்னர், பந்தல் பிரிக்கப்பட்டு, வந்தவரெல்லாம் போன பின்னர், அந்த வீட்டை மறவாதிருப்பதாகும். இந்த இடத்தில்தான் பல சபைகள் தவறிவிடுகின்றன. நோயாளரின் பெயர்கள் ஆராதனையில் ஒரே மூச்சில் வாசிக்கப்படுகின்றன. நாமும் ஆமென் சொல்லி வீடு திரும்புகிறோம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்துக்கு வந்திருந்த சிறுவர் பலரும் அங்கே மாண்டனர். அதே காலையில் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் ஆலயங்கள் தாக்கப்பட்டன. பின்வந்த வாரங்களில் நாடெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டு, பேராயரின் பூசை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கூடுவதே சபை என்று எண்ணியிருந்தோருக்குக் கூடுவதற்கு இடமில்லாமற் போயிற்று.

பிள்ளையை இழந்த தாய்க்கு எதனைச் சொல்வது? எல்லாம் தேவசித்தம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அது அவர்களுடைய அச்சத்தை அடக்கும். தாயின் துயரை ஆற்றாது. திருமறையில் யோபுவைக் காண வந்த நண்பர்களைப் பலரும் குறை கூறுவார்கள். ஆனால் அவர்கள் முதலில் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் பேசாது உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து விளக்கம் கூறத் தொடங்கிய பின்னரே கெட்டது.

அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறும் வீட்டுக்குள்ளேயே கழிந்தது. கொள்ளை நோயின் காரணமாக நாட்டில் ஊரடங்கு. முதலாம் ஆண்டு நினைவு நாளிலும் பல இடங்களில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக இயலவில்லை. நான் அறிந்த ஒரு முதியவர், தம் சபையின் பெயர்ப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஐந்து வீடுகளாகத் தொலைபேசியில் அழைத்து வந்தார். பிரசங்கம் ஒன்றும் இல்லை. அரிசி இருக்கிறதா, நீரிழிவு மருந்து முடிந்துவிட்டதா, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், இவ்வளவுதான். 2020 ஏப்ரல் 21ஆம் திகதி, முந்திய ஆண்டில் மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டை அழைத்தாராம். மறுமுனையில் தகப்பனார் எடுத்தார். இவர் தம் பெயரைச் சொன்னார். அதற்குப் பின் இருவருக்கும் பேச்சு வரவில்லை. நெடுநேரம் இருவரும் தொலைபேசியைக் கீழே வைக்கவும் இல்லை.