டப்பாவில் ஏறிய ஊர்ப்பெயர்

தென் அமெரிக்காவில் உருகுவே என்றொரு சிறிய நாடு. அதன் மேற்கு எல்லையில் ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர்தான். அக்கரையில் அர்ஜென்டினா, இக்கரையில் ஃபிரே பென்டோஸ். இந்த ஊரின் பெயர் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சமையலறைகளிலெல்லாம் இருந்தது, மாட்டிறைச்சி டப்பாக்களின் மேல்.

ஊரைச் சுற்றிய புல்வெளிகளில் மாடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் குளிர்சாதனக் கப்பல் வராத காலம் அது. தோலையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு, இறைச்சியில் பெரும்பகுதியை வீணாக விட்டார்கள். ஜெர்மன் வேதியியலர் லீபிக், இறைச்சியின் சாரத்தைப் பிரித்தெடுக்கும் வழியைச் சொல்லியிருந்தார். அதை இந்த ஆற்றங்கரையில் தொழிலாக்கியவர் கீபர்ட் என்ற பொறியாளர். 1865-இல் லண்டனில் அதற்கான கம்பெனி உருவானது. இறைச்சியை அரைத்து வேகவைப்பார்கள். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, சாற்றைச் சுண்டச் சுண்டக் காய்ச்சுவார்கள். கடைசியில் கரும்பழுப்பு நிறத்தில் கெட்டியான களிம்பு நிற்கும். 1 கிலோ களிம்புக்குச் சுமார் 30 கிலோ இறைச்சி வேண்டும்! உப்பிட்டு வேகவைத்த இறைச்சியை டப்பாவில் அடைத்தது அதற்குப் பிறகு.

வேலை தேடி இந்த ஆலைக்கு 50-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாட்டின் கத்தல் ஒன்றைத் தவிர எதுவும் அங்கே வீணாவதில்லை என்பார்கள். அந்த ஊரின் வாழ்வு வெகுதூரத்துப் பசியை நம்பியிருந்தது. இரண்டு உலகப்போர்களிலும் படைவீரர்களின் சாப்பாடு இங்கிருந்து போயிற்று. 1917-இல் பெல்ஜியப் போர்க்களத்தின் சேற்றில் சிக்கிய பிரிட்டிஷ் டாங்கி ஒன்றுக்கும் இந்த ஊர்ப் பெயரையே வைத்திருந்தார்கள்.

1924-இல் ஆலை வேறொரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்கு மாறி, 'ஆங்லோ' ஆனது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் வியாபாரம் தளர்ந்தது. 1979-இல் ஆலையை மூடிவிட்டார்கள். ஒரே ஆலையை நம்பிய ஊருக்கு அது எப்பேர்ப்பட்ட அடி என்பது, மில் மூடிய ஊர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்று அந்த ஆலை அருங்காட்சியகம். குமாஸ்தாக்களின் மேசைகளும் தட்டச்சுப்பொறிகளும் அப்படியே இருக்கின்றன. 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இயந்திரக்கூடத்தோடும் படகுத்துறையோடும் நிற்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பையும் சேர்த்தது. எனக்கு அதில்தான் பெரிய நிறைவு. டப்பாவின் மேல் ஊர்ப்பெயர் இருந்தது. அதை அடைத்தவர்களின் பெயர் இருந்ததில்லை. அவர்கள் வாழ்ந்த அந்த வரிசை வீடுகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன.