நம்ம ஓட்டை வேற யாராவது போட்டுட்டா?



போன தேர்தல்ல நம்ம குழு அக்கா ஒருத்தர், வேலைக்குப் போகாம வரிசையில் நின்றார். உள்ளே போனதும், “உங்க ஓட்டு போட்டாச்சும்மா, போங்க” என்றார்கள். விரலை நீட்டிக் காட்டினார், மை இல்லை. யாரும் கேட்கவில்லை. பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. கடன், வட்டி, பதிவேடு என்று பயிற்சி கொடுத்த நாங்கள் இதைச் சொல்லித்தரவில்லையே!

1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி என்று ஒன்று உள்ளது. 2018-ல் வந்த ‘சர்க்கார்’ படத்துல பார்த்திருப்பீங்க. வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் நேரே போய், “எனக்கு டெண்டர் ஓட்டு வேணும்” என்று கேளுங்க. ஏஜெண்டுகளிடம் வாதாட வேண்டாம். நீங்கள்தான் அந்த வாக்காளரா என்று அலுவலர் சில கேள்வி கேட்பார். பதில் சரியாக இருந்தால், கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு வாக்குச்சீட்டு கொடுக்க வேண்டும். மறைவிடத்தில் முத்திரை குத்தி, மடித்து அவரிடமே கொடுக்கணும். தனி உறையில் வைப்பார். மெஷின் கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஓட்டு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். வழக்கு வந்தால்தான் அதற்கு வேலை. அப்புறம் எதற்கு என்கிறீர்களா? ராஜஸ்தானில் 2008 சட்டமன்றத் தேர்தலில் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே பேச்சே இந்த டெண்டர் ஓட்டுகளைப் பற்றித்தான்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லோரும் வாக்காளர் அட்டையைக் கொண்டு வாங்க. பட்டியலில் பேர் இருக்கிறதா என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.