இரண்டும் ஒன்றல்ல

(காளஹஸ்தி க்ஷேத்ர யாத்திரையின்போது அங்கத்தினர்களிடையே ஆற்றிய உரை)

காலையில் எல்லோருக்கும் நல்ல தரிசனம் ஆயிற்று. மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. இந்த நேரத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண் அயர்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்தல மஹிமையைச் சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஸயன்ஸ் படித்துவிட்டு, ஸர்க்கார் உத்தியோகத்தில் ஆங்கில ஃபைல்களோடு காலத்தைக் கழித்தவன். ஆகவே ஒன்றுபோல் தோன்றி வேறு பொருள் தரும் சில ஆங்கில வார்த்தைகளைப் பற்றி, இந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

முதல் ஜோடி ஏர், விண்ட். பஞ்சபூத ஸ்தலங்களில் இது வாயு ஸ்தலம். கர்ப்பக்ருஹத்தில் ஒரு தீபம் அசைந்துகொண்டே இருப்பதைக் காட்டினார்கள். ஏர் என்பது ஒரு பொருள். அதற்கு எடை உண்டு. ஒரு கன மீட்டர் ஏர் சுமார் 1.2 கிலோ இருக்கும். அதே ஏர் நகர்ந்தால் விண்ட். மின்விசிறி சுற்றாத இந்த ஹாலில் ஏர் நிறைய இருக்கிறது, விண்ட்தான் இல்லை! தமிழில் இரண்டையும் காற்று என்கிறோம். அதனால் தமிழை ஏழை என்று நினைத்துவிடக் கூடாது. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கென்றால் கொண்டல், மேற்கென்றால் கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த பாஷை இது.

அடுத்தது பெயிண்ட், டை. வெளியே கடைகளில் கலம்காரி பார்த்திருப்பீர்கள். அதைப் பலரும் பெயிண்டிங் என்றே சொல்கிறார்கள். பெயிண்ட் மேலே படிந்து நிற்கும். டை, அதாவது சாயம், நூலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இங்கே துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் தோய்த்துக் காயவைக்கிறார்கள். இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு எடுத்த சாற்றை மூங்கில் கலத்தால் தொட்டு வரைகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து துணியிலேயே கறுப்பாகிறது. பழைய காலத்துப் பேனா மசியின் கெமிஸ்ட்ரியும் இதுதான். மசூலிப்பட்டணத்துக் கலம்காரியில் மர அச்சால் பதிப்பார்கள். காளஹஸ்தியில் கையால் எழுதுவார்கள். வாங்கும்போது இந்த வித்தியாஸத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது மூன்று வார்த்தைகள். ப்ரிஸர்வ், ரெஸ்டோர், ரீபில்ட். கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இரவு இடிந்து விழுந்தது. முதலில் விரிசல்தான் கண்டது. பிறகு சரிந்தது. இன்று நாம் பார்த்தது புதிதாகக் கட்டி, 2017-இல் கும்பாபிஷேகம் நடந்த கோபுரம். அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது ரீபில்ட், ரெஸ்டோர் அல்ல. இருப்பதைக் காப்பது ப்ரிஸர்வ். பழுதானதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ரெஸ்டோர். போனபின் வேறொன்று கட்டுவது ரீபில்ட். ராயர் கட்டியதை இனி யாராலும் ரெஸ்டோர் செய்ய முடியாது.

இதையெல்லாம் வார்த்தை விளையாட்டு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது எனக்குக் கற்பித்த பாடத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

என் தமையனாருக்கு அறுபத்தைந்து வயஸுக்கு மேல் பார்வை கொஞ்சம் மங்கலாயிற்று. ஒரு கண் பரிசோதனை முகாமில் பார்த்து, சீட்டில் இரண்டு வார்த்தைகள் எழுதிக்கொடுத்தார்கள். ஒன்று காட்டராக்ட். இன்னொன்று கிளாக்கோமா, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சீட்டை என்னிடம்தான் கொண்டுவந்தார், படித்த தம்பி என்று. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதாண்ணா, கண்ணில் புரை" என்றேன். "அப்படின்னா பழுக்கட்டும்டா, அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றார். இரண்டு வருஷம் காத்திருந்தோம்.

இரண்டும் ஒன்றல்ல. காட்டராக்ட் என்பது கண்ணின் லென்ஸ் மங்குவது. அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்தால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். பழுக்கட்டும் என்று காத்திருப்பதும் பழைய காலத்து வழக்கம், இன்று அது தேவையில்லை. கிளாக்கோமா என்பது கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு கெடுவது. பெரும்பாலும் கண்ணுக்குள் பிரஷர் ஏறுவதால் வரும். பிரஷர் ஸரியாக இருந்தும் சிலருக்கு வருவதுண்டு. ஸாதாரணமாக வலி இருக்காது. முதலில் ஓரப் பார்வை போகும், நேராகப் பார்ப்பது நன்றாகவே இருக்கும். அதனால் தெரியாது. போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து, லேஸர், ஆபரேஷன் எல்லாம் மிச்சத்தைக் காப்பாற்றத்தான். ப்ரிஸர்வ் உண்டு, ரெஸ்டோர் கிடையாது.

அண்ணாவுக்குப் புரை ஆபரேஷன் நன்றாக நடந்தது. கட்டைப் பிரித்த டாக்டர்தான் நரம்பைப் பார்த்துவிட்டு, ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டார். அண்ணா என் பெயரைச் சொல்லவில்லை. கடைசி வரையில் ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு ஜோடி. ஐ, கார்னியா. இந்த மலையில் தன் கண்ணையே பிடுங்கி அப்பிய கண்ணப்பரின் கதை எல்லோரும் அறிந்தது. இன்று கண் தானம் என்று நாம் சொல்வதில், பிறருக்குப் பொருத்தப்படுவது முழுக் கண் அல்ல, கார்னியா என்கிற முன்பக்கத்துக் கருவிழிப் படலம் மட்டுமே. ஆகவே நரம்பு கெட்டுப் பார்வை போனவர்களின் கார்னியாவும் நன்றாக இருந்தால் பயன்படும். இதை டாக்டர் சொல்லக் கேட்ட அண்ணா, தானே விரும்பி எழுதிக்கொடுத்தார். போன வருஷம் அவர் காலமானபோது, மன்னியே ஞாபகமாக முதல் டெலிபோனைக் கண் வங்கிக்குச் செய்யச் சொன்னாள். வந்து எடுத்துப் போனார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். நாற்பது தாண்டியவர்கள், முக்கியமாகக் குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால், கண்ணாடி மாற்றும்போது பிரஷரையும் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கு வர அதிக வாய்ப்புண்டு. நானும் இப்போது தினம் ராத்திரி சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். இரண்டாவது, கண் தானம் செய்ய எண்ணமிருந்தால் வீட்டில் சொல்லி வையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். போன் செய்யப்போவது நாமல்ல, அவர்கள்.

புரியாத வார்த்தை இருந்தால் எழுதியவரையே கேளுங்கள். என்னைப் போன்ற படித்த தம்பியைக் கேட்காதீர்கள்.