வரிப் பட்டியலில் யார் இல்லை?



விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் திருவிழா. தலைக்கட்டு வரி வசூலாகிறது. பாரதப் பிரசங்கியார் வருகிறார், விடிய விடியத் தெருக்கூத்து, முடிவில் தீமிதி. முதலாளி இல்லை, மேஸ்திரி இல்லை. ஆயிரம் பேர் ஒரே மனதாய் உழைக்கிறார்கள். அம்மன் மீதுள்ள நம்பிக்கை ஒருவரையொருவர் நம்ப வைக்கிறது. இந்தச் சக்தியை ஏளனம் செய்யலாகாது.

ஆனால் வரிப் பட்டியலைப் பாருங்கள்! பல ஊர்களில் சேரியிடம் வரி வாங்குவதில்லை. வாங்கினால் உரிமையும் தர வேண்டுமே!

விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் 2023 ஏப்ரலில் கோயிலுக்குள் சென்ற தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டனர். ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் கதவு திறந்தது. போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே செல்ல 2025 ஏப்ரல் ஆயிற்று. அம்மன் ஒன்றே, பக்தியும் ஒன்றே. பக்தி கூட்டுகிறது, யாரைக் கூட்டுவது என்பதைச் சாதியும் நிலமும் தீர்மானிக்கின்றன.

பக்கத்துப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு 12 மில் தொழிலாளர் பலியாயினர். எட்டு மணி நேர வேலை கிடைத்தது. எட்டு மணி எல்லாச் சாதிக்கும் எட்டு மணியே!

ஆகவே தோழர்களே, நம் சங்கத்தின் சந்தாப் பட்டியலில் எந்தத் தெரு விடுபட்டிருக்கிறது? இன்றே புரட்டிப் பாருங்கள்!